பொம்மை எஞ்சினிலும் மஞ்சள் விளக்கு சும்மா மின்னக்கூடாது

பறளிக்கும் ஒற்றப்பாலத்துக்கும் இடையே, இரவு வேளையில் ஒரு சரக்கு வண்டி நடுவழியில் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் முகப்பில் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. பக்கத்து லைனில் எதிரே வரும் டிரைவர் அதைக் கண்ட மாத்திரத்தில் வண்டியை நிறுத்தப் பார்க்க வேண்டும். ‘என் வண்டிக்கு ஏதோ ஆபத்து, உன் பாதையிலும் பெட்டி சாய்ந்து கிடக்கலாம்’ என்பதுதான் அந்த விளக்குச் சொல்லும் சேதி. டிரைவரே சுவிட்ச் போடுவதும் உண்டு. பிரேக் குழாயில் காற்றழுத்தம் திடீரென்று இறங்கினால் பல எஞ்சின்களில் அது தானாகவே மின்னத் தொடங்கும்.

இந்த விளக்கை மாடல் ரயிலில் வைப்பவர்கள் பலர், பார்க்க அழகாக இருக்கிறதென்று எந்நேரமும் மின்ன விட்டுவிடுகிறார்கள். ரயில்வே குடும்பத்துப் பிள்ளை ஒருவன் பார்த்தால் சிரிப்பான்.

எண்களே கட்டளை

மாடல் ரயில் என்றால் சாவி கொடுத்து ஓட்டும் பொம்மை என்று எண்ண வேண்டாம். அசலில் 87-ல் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் எஞ்சின்கள் 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. (நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரவேண்டும். ஆகவே இந்திய எஞ்சின் மாடல்கள் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் ஓடுகின்றன.) இவற்றை ஓட்டிக் காட்டுவதற்கென்றே புனேயில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் 1998 முதல் இருக்கிறது.

எஞ்சினுக்குள் நகத்தளவில் ஒரு மின்னணு அட்டை வைக்கிறார்கள். டிகோடர் என்று பெயர். தண்டவாளத்திலேயே மின்சாரமும் கட்டளையும் சேர்ந்து வரும். தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் லென்ஸ் என்பவர் உருவாக்கிய இம்முறையை அமெரிக்க மாடல் ரயில்வே சங்கம் 1990-களில் பொது விதியாக்கியது. அதனால் ஒயர் நிறங்கள் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றே. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு. நீலம் எல்லா விளக்குக்கும் பொது. எல்.இ.டி. வைத்தால் 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று குறுக்கே போடுவது வழக்கம். மறந்தால் விளக்கு போய்விடும்.

டிகோடரின் குணங்களெல்லாம் சி.வி. எனப்படும் எண்ணிட்ட அறைகளில் அடங்கியிருக்கின்றன. 1-ம் அறையில் எஞ்சினின் எண். 33-ம் அறையும் 34-ம் அறையும் முன்னே போகும்போதும் பின்னே போகும்போதும் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதற்கு. மங்கல், மின்னல், சுழல் விளக்கு முதலிய ஜாலங்கள் பெரும்பாலும் 49-க்கு அப்பால் உள்ளவை. அவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கூட வரும் காகிதத்தைத் தூக்கி எறிந்துவிடக்கூடாது.

பலரை அழவைக்கும் 29

29-ம் அறையில் வழக்கமாக 6 என்ற எண் இருக்கும். அது 2-ம் 4-ம் சேர்ந்தது. எஞ்சின் திசை மாறி ஓடுகிறதே என்று ஒருவர் அங்கே 1 என்று எழுதிவிடுகிறார். திசை சரியாகிவிடும். ஆனால் வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றும்போது முன்விளக்கு எரிவதும் அணைவதுமாகக் கண்சிமிட்டும். பல்பை மாற்றுவார், ஒயரைப் பிரிப்பார். கோளாறு அங்கே இல்லை. 2 போய்விட்டதால் டிகோடர் பழைய 14 படிக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. 28 படிக் கணக்கில் அரைப்படி வேகத்தைக் குறிக்கும் புள்ளியை அது ‘விளக்கைப் போடு, அணை’ என்று படிக்கிறது. 1 என்பதற்குப் பதில் 7 எழுதினால் தீர்ந்தது.

இனி அந்த மஞ்சள் விளக்கு. அதைப் பச்சை ஒயரில் கட்டி, மின்னும் குணத்தை அதற்கு மட்டும் கொடுத்து, தனி பட்டனில் வைப்பதே முறை. பட்டனை அழுத்தாதவரை இருட்டாக இருக்கட்டும். முன்விளக்குக்கு மங்கல் பட்டனும் வேண்டும். எதிரே வண்டி வரும்போது அசல் டிரைவரும் மங்கச் செய்கிறார் அல்லவா! பின்பக்கச் சிவப்பு விளக்கு, எஞ்சின் பெட்டியில்லாமல் தனியே போகும்போதுதான். பெட்டி கோத்திருந்தால் சிவப்பு கடைசிப் பெட்டிக்குப் போய்விடும்.

மூணாறு ரயில்

இடுக்கி ஜில்லாவில் இன்று ரயிலே இல்லை. மூணாறு எஸ்டேட் ஜனங்கள் 2023-ல் மறுபடி ரயில் வந்த போடிநாயக்கனூருக்கு இறங்கி வண்டி ஏறலாம். ஆனால் தேயிலை ஏற்ற 1902-ல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமும், 1908-ல் நீராவி எஞ்சினும் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடின. 1924 வெள்ளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. அந்த ரயிலை மாடலாகச் செய்ய நினைப்பவருக்கு மஞ்சள் மின்னல் தேவையே இல்லை. டிகோடரில் நெருப்புப் பெட்டி ஜாலம் என்று ஒன்று உண்டு. கரி அள்ளிப் போடும்போது எழும் செந்தழல் போல ஒரு சிறு பல்பு ஏறி இறங்கி எரியும். அதை டிரைவர் நிற்கும் தட்டுக்கு அடியில் பொருத்தினால் போதும்.