பழந்தேயிலையும் நாவின் தீர்ப்பும்

பண்டசாலையிற் கிடந்து பழையதாகிப்போன தேயிலையை எவரும் விரும்பி வாங்குவதில்லை. பதப்படுத்திய கொழுந்து பெட்டியில் அடைபட்ட நாள் முதலாக அதன் மணமும் உறைப்பும் சிறிது சிறிதாகக் குன்றுகின்றன என்பது தேயிலையோடு பழகியவர் யாவரும் அறிந்ததொன்று. எனினும், தேயிலையின் தாயகமாகிய சீன தேசத்தில், ஆண்டுகள் செல்லச் செல்ல மதிப்பு உயர்கின்ற தேயிலை வகைகளும் உண்டு. இருபது முப்பது ஆண்டுகள் பேணி வைத்த ஒரு தேயிலை வட்டு, அதே வகையான புதிய வட்டைக் காட்டிலும் பன்மடங்கு விலைக்கு விற்கப்படுகின்றது. அந்த விலைக்கு அது தகுமா என்பதை அறிய, உறையின்மேல் அச்சிட்ட எழுத்துக்களை நம்பியிருத்தல் போதாது. குடிப்பவர் தம் நாவைப் பழக்கிக்கொள்ளல் வேண்டும். அதற்குரிய முறை வீட்டிலேயே கைக்கொள்ளத்தக்க எளிய முறையாகும்.

முதலில், நொதித்தல் என்னும் சொல்லைப்பற்றி ஒரு தெளிவு வேண்டும். இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் கொழுந்தை அரைத்த பின்னர் நொதிக்க விடுவதாகச் சொல்வர். அங்கே நடைபெறுவது இலையிலுள்ள நொதியங்களால் உண்டாகும் ஒட்சியேற்றமேயாகும். அது சில மணி நேரத்துள் முடிந்துவிடும். உலர்த்தும் சூட்டினால் நிறுத்தப்படும். சீனர் கருந்தேயிலை என்று வழங்கும் வகைகளிலோ, பங்கசுக்களும் பற்றீரியாக்களுமாகிய நுண்ணங்கிகள் இலைமீது வளர்ந்து அதன் தன்மையை மாற்றுகின்றன. தயிரும் தோசை மாவும் புளிப்பதற்கு இனமான செயல் இது. இலங்கையிலும் ஆங்கில நாட்டிலும் கறுப்புத் தேயிலை எனப்படுவதைச் சீனர் செந்தேயிலை என்றே அழைப்பர். ஆதலால் இரண்டையும் ஒன்றென மயங்குதல் ஆகாது.

இவற்றுட் பெயர்பெற்றது யுன்னான் மாகாணத்துப் பூ-ஏர் தேயிலை. சுற்றிலுமுள்ள மலைகளிற் பறித்த இலை பூ-ஏர் என்னும் ஊரில் விற்பனைக்குக் குவிந்தமையால் ஊரின் பெயர் தேயிலைக்கும் ஆயிற்று. சீன அரசு 2008 ஆம் ஆண்டில் வகுத்த நியமத்தின்படி, யுன்னானில் விளைந்த பெரிய இலைத் தேயிலையை வெயிலில் உலர்த்திச் செய்தது மாத்திரமே பூ-ஏர் எனப்படும். பறித்த இலை இரும்புத் தாச்சியில் வாட்டப்பட்டு, கையாற் பிசையப்பட்டு, வெயிலிற் காய்ந்து, பின்பு நீராவியில் மெதுவாக்கப்பட்டு வட்டாக அழுத்தப்படும். ஒரு வட்டின் வழக்கமான நிறை 357 கிராம். ஏழு வட்டுகளை மூங்கிற் பாளையிற் சுற்றி ஒரு கட்டாக்குவர். ஒரு கட்டு ஏறத்தாழ 2½ கிலோகிராம் நிறுக்கும். குதிரைகளிலும் கோவேறு கழுதைகளிலும் திபெத்து வரை ஏற்றிச் செல்ல இவ்வடிவம் வாய்ப்பாக இருந்தது.

இவ்வாறு செய்த வட்டு பச்சை வகை எனப்படும். சீனர் இதனைச் செங் என்பர். புதிதாயிருக்கையில் இதன் சாறு இளமஞ்சளாய், கசப்பும் துவர்ப்பும் மிக்கதாயிருக்கும். ஆண்டுகள் கழியக் கழியச் சாறு பொன்னிறமாகிப் பின்பு செந்நிறமாகும். கசப்புத் தணிந்து, பழைய மரத்தையும் கற்பூரத்தையும் நினைவூட்டும் மணம் எழும். இம்மாற்றத்துக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க இயலாத வாணிகத்தின் தேவைக்காக, 1970களின் முற்பகுதியில் குன்மிங் நகரத் தேயிலைத் தொழிற்சாலையிலும் மெங்ஹாய் தொழிற்சாலையிலும் வேறொரு முறை உருவாக்கப்பட்டது. உலர்ந்த இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடி வைப்பர். குவியலின் உள்ளே சூடு 50 முதல் 60 பாகை சென்ரிகிரேட் வரை ஏறும். அவ்வப்போது கிளறிவிட, ஏறக்குறைய ஒன்றரை மாதம் தொடக்கம் இரண்டு மாதத்துள் இலை கருங்கபில நிறமாகும். அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பங்கசு இவ்வேலையில் முக்கிய பங்கு கொள்ளுகின்றது. துவர்ப்பூட்டும் பொருள்கள் குறைந்து, கபிலநிறச் சேர்வைகள் மிகுகின்றன. இது கனிந்த வகை. சீனர் இதனை ஷூ என்பர். பழமையின் சாயல் இதற்கு உண்டேனும், நெடுங்காலம் இருந்து முதிர்ந்த பச்சை வகையின் சுவையும் இதன் சுவையும் ஒன்றல்ல.

கருந்தேயிலை யுன்னானில் மட்டும் உள்ளதன்று. குவாங்சியின் லியூ-பாவோ தேயிலை மூங்கிற் கூடைகளில் அடைத்து முதிரவிடப்படுவது. மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் அதனை விரும்பிக் குடித்தனர். நல்ல லியூ-பாவோவிற் பாக்கின் மணம் வீசும் என்பது சீனச் சுவைஞர் கூற்று. கொட்டைப்பாக்கைக் கடித்தறிந்த தமிழருக்கு இம்மணத்தை விளக்கவேண்டியதில்லை. ஹூனானின் ஃபூ கட்டித் தேயிலையை உடைத்தால் உள்ளே மஞ்சட் பொட்டுகள் காணப்படும். பொற்பூ என்று பெயர் பெற்ற இவை பூஞ்சணமேயாயினும், வேண்டுமென்றே வளர்க்கப்பட்டவை. அத்தேயிலையின் சிறப்புக்குக் காரணமானவை.

முதுமை என்பது ஆண்டுக் கணக்கினால் மாத்திரம் அமைவதன்று. ஒரே தொழிற்சாலையில், ஒரே மாதத்தில் அழுத்திய இரண்டு வட்டுகளில் ஒன்று ஹொங்கொங்கிலும் மற்றையது குன்மிங்கிலும் இருபது ஆண்டுகள் இருந்தனவென்று கொள்வோம். ஹொங்கொங் வெப்பமும் ஈரமும் மிக்க துறைமுகம். குன்மிங்கோ ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள, குளிர்ந்து வரண்ட நகரம். முன்னதில் இருந்த வட்டு விரைவாக முதிர்ந்து கருத்திருக்கும், மண்வாசனையும் ஏறியிருக்கும். பின்னதில் இருந்தது மணங்கெடாமல் இருப்பினும், இன்னும் இளமைக் கசப்பு நீங்காதிருக்கும். ஆண்டு ஒன்றாயினும் சுவை இரண்டாகும். ஈரம் வரம்பு மீறினால் பூஞ்சணம் பிடித்து முழு வட்டும் கெடும். ஆகவே, எத்தனை ஆண்டு என்னும் கேள்வியோடு எங்கே, எவ்வாறு என்னும் கேள்விகளும் சேர்தல் வேண்டும்.

உறையிலுள்ள இலக்கங்களும் அறியாதவரை மயக்குவன. மெங்ஹாய் தொழிற்சாலையின் புகழ்பெற்ற வட்டொன்றின் இலக்கம் 7542. இதனைக் கண்டு 1975 ஆம் ஆண்டில் பறித்த இலை என்று எண்ணிவிடுவோர் உளர். முதலிரண்டு இலக்கங்கள் கலவைமுறை வகுக்கப்பட்ட ஆண்டையும், மூன்றாவது இலையின் தரத்தையும், நான்காவது தொழிற்சாலையையும் குறிப்பன. அதே கலவை பின்வந்த ஆண்டுகளிலும் செய்யப்பட்டு வந்தது. இத்தகைய மயக்கங்களோடு பேராசையும் சேர்ந்தபோது நேர்ந்ததை 2007 ஆம் ஆண்டு காட்டிற்று. சேமித்து வைத்தால் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிப் பலர் குடியாத தேயிலையை வீடு நிறைய வாங்கிக் குவித்தனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் விலை சரிந்தது. வணிகரும் விவசாயிகளும் பெருநட்டம் அடைந்தனர். சுவை அறியாது பெயரை வாங்கியவர்களின் கையில் எஞ்சியது விற்கமுடியாத சரக்கே.

இனிச் சுவைத்து ஒப்பிடும் முறையைக் காண்போம். ஒரு தேயிலையைத் தனியே குடித்து மதிப்பிடுவது அனுபவசாலிக்கும் கடினம். இரண்டை அருகருகே வைத்தால் புதியவருக்கும் வேற்றுமை புலனாகும். ஒப்பிடும் சோடியில் ஒரு வேற்றுமை மாத்திரம் இருத்தல் நன்று. ஒரே கலவையில் புதியதும் பழையதும் ஒரு சோடி. ஒரே வயதில் பச்சையும் கனிந்ததும் மற்றொரு சோடி. ஒரே வட்டில் ஈரமான இடத்தில் இருந்ததும் வரண்ட இடத்தில் இருந்ததும் வேறொரு சோடி. முழு வட்டு வாங்கவேண்டியதில்லை. 20 கிராம் மாதிரி போதும். ஒரே அமர்வில் மூன்று நான்கு வகைக்கு மேற் சுவைத்தால் நா சோர்ந்துவிடும். வெற்றிலை மென்ற வாயோடும், காரக்கறி உண்ட கையோடும் இதில் இறங்குதல் கூடாது.

பாத்திரம் வழவழப்பான வெள்ளைப் பீங்கானாக இருக்கட்டும். மூடியும் தட்டமும் உடைய சீனக் கிண்ணம் இதற்கு ஏற்றது. அளவொத்த இரண்டு கோப்பைகளும் தட்டமும் இருந்தாலும் போதும். மெருகிடாத களிமண் குடுவைகள் முன்னைய தேயிலையின் மணத்தைப் பிடித்துவைப்பதால் ஒப்பீட்டுக்கு உதவா. தங்கம் நிறுக்கும் சிறிய தராசு ஒன்று அவசியம். அழுத்திய தேயிலையைக் கண்ணளவாற் கணிக்க இயலாது. வட்டை உடைக்கும்போது மொட்டைக் கத்தியால் பக்கவாட்டில் நெம்பி, மேற்புறத்திலும் உட்புறத்திலும் எடுத்தல் வேண்டும்; சில வட்டுகளில் மேற்பரப்பில் அழகிய இலையும் உள்ளே தாழ்ந்த இலையும் இருக்கும். நீரைப்பற்றியும் கவனம் தேவை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர் போன்ற வன்னீரில் மணம் மங்கும். சாற்றின்மேல் ஆடையும் படரும். மென்னீரே தக்கது.

ஒவ்வொரு கிண்ணத்திலும் 5 கிராம் தேயிலையிட்டு, 100 மில்லிலீற்றர் கொதிநீர் வார்த்து, ஐந்து செக்கனில் அந்நீரைக் கொட்டிவிடுக. இதனால் தூசு நீங்கும். இறுகிய இலையும் நெகிழும். மூடியைத் திறந்து முகர்ந்த பின்பு மீண்டும் கொதிநீர் வார்த்துப் பத்துச் செக்கனில் வடித்திடுக. அடுத்தடுத்த முறைகளில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், நல்ல தேயிலை எட்டு, பத்து முறைக்கும் சாறு தரும். எத்தனையாவது முறையில் சுவை வற்றுகின்றது என்பதும் ஒரு மதிப்பீடாகும். குறைகளை வெளிப்படுத்த வேறொரு கடுமையான முறையும் உண்டு. சர்வதேச நியமங்கள் தாபனம் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்ட 3103 ஆம் இலக்க நியமம் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் இலையிட்டு ஆறு நிமிடம் ஊறவைக்கச் சொல்கின்றது. இன்பமாகக் குடிப்பதற்கு வகுக்கப்பட்ட முறையன்று அது. எல்லாத் தேயிலையையும் ஒரே நிலையில் நிறுத்தி ஆராய்வதற்கு வகுக்கப்பட்டது.

சுவைக்கும்போது கசப்பையும் துவர்ப்பையும் பிரித்தறிதல் முதற்படி. கசப்பு நாவிலே தெரிவது. துவர்ப்பு வாய் முழுவதையும் உலர்த்துவது. கசப்பு இருப்பது குற்றமன்று. அது தங்கிவிடுகின்றதா, இனிப்பாக மாறுகின்றதா என்பதே பார்க்கவேண்டியது. நெல்லிக்காயைத் தின்று தண்ணீர் குடித்தவர் தொண்டையில் எழும் இனிமையை அறிவர். நல்ல பச்சைப் பூ-ஏரிலும் அத்தகைய பின்னினிமை உண்டு. அடுத்துச் சாற்றின் கனம்: கஞ்சித் தெளிவுபோல் வழுவழுப்பாக இறங்குகின்றதா, வெறும் நீராக இருக்கின்றதா என்பதைக் கவனிக்கலாம். கனிந்த வகை புதிதாயிருக்கையில் குவியலின் முடைநாற்றம் சிறிது வீசும். சில ஆண்டுகளில் அது அடங்கும்.

சாறு வற்றிய பின்னர் இலையை வெள்ளைத் தட்டில் விரித்துப் பார்த்தல் வேண்டும். காலத்தால் முதிர்ந்த பச்சை வகையின் இலை கபிலநிறமாயினும், விரலாற் பிரித்தால் நெகிழ்ந்து விரியும். நனைத்து விரைவில் பழமையாக்கப்பட்ட இலை கருகியதுபோல் இறுகி விரியாது கிடக்கும். தொண்டையை அரிக்கும் சாறும், நனைந்த சாக்கின் நாற்றமும், வட்டின்மேற் பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்த பூஞ்சணமும் கேட்டின் அடையாளங்கள். அத்தகையதை, எவ்வளவு விலை கொடுத்ததாயினும், குடித்தல் ஆகாது.

இறுதியான சோதனை கண்ணை மறைத்துச் செய்வது. வீட்டிலுள்ள ஒருவர் மூன்று கோப்பைகளில் சாறு வார்க்கட்டும்: இரண்டில் ஒரே தேயிலை, ஒன்றில் வேறு. எது வேறென்று சுவைப்பவர் கூறல் வேண்டும். நிறத்தாற் புலப்படாதிருக்க மங்கிய விளக்கிலோ கண்ணை மூடிக்கொண்டோ செய்யலாம். பலமுறை செய்தும் வேற்றுமையை அறிய முடியவில்லையெனில், விலை கூடியதை வாங்குவதற்கு அவருக்குக் காரணமில்லை. அறிய முடிந்து, விலை குறைந்ததே பிடித்திருந்தால், அதற்காக நாணவேண்டியதும் இல்லை.

நல்ல இளவட்டு ஒன்றை வாங்கி வீட்டிலேயே முதிரவிடுதலும் கூடும். சுவரோடு ஒட்டாது, வெயில் படாது, காற்று மெல்ல உலாவும் அலுமாரி வேண்டும். ஈரப்பதன் 60 முதல் 70 வீதம் வரை இருத்தல் நலம்; கொழும்பு போன்ற கடற்கரை நகரங்களில் மழைக்காலத்தில் ஈரம் இதனிலும் மிகுமாதலால் அடிக்கடி திறந்து பார்த்தல் அவசியம். கறித்தூளும் கருவாடும் சாம்பிராணியும் அருகில் இருத்தலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை, அதே நிறை, அதே கிண்ணம், அதே நீரளவில் சுவைத்து, நிறம், மணம், கசப்பு, பின்னினிமை என்பவற்றைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும். பத்தாண்டு சென்றபின் அக்கொப்பியைப் புரட்டுபவருக்கு, தம் தேயிலை முதிர்ந்த கதையை எந்த வணிகரிடமும் கேட்டறியவேண்டியிராது.