சாய்தளத்தோடு முடிவதில்லை

கட்டடம் ஒருவரைத் தடுக்கிறது என்றதும் நம் நினைவுக்கு வருவது படிக்கட்டுதான். சக்கர நாற்காலியில் வந்தவர் படியருகே நின்றுவிடுவது எல்லோர் கண்ணிலும் படும்; சாய்தளம் கேட்க அதுவே சாட்சி. ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா போன்ற நரம்பியல் வேறுபாடு உள்ளவர்களை மறிப்பவை வேறு வகை. ஓயாமல் இரையும் ஏசி, பேச்செல்லாம் எதிரொலிக்கும் கூடம், விளக்கொளியைக் கண்ணில் அடிக்கும் பளபளப்பான டைல்ஸ், எந்தப் பக்கம் போவதென்று பிடிபடாத நடைவழி. பெரும்பாலோரின் மூளை இவற்றைத் தானாகவே ஒதுக்கிவிடுவதால், வரைபடம் போடும் கட்டடக் கலைஞருக்கு அவை தடையாகவே தோன்றுவதில்லை. அதனால்தான் இவர்களுக்காக யோசித்துக் கட்டுவது போதாது, இவர்களோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்கிறேன். கட்டுவதற்குத் தேவையான தகவலே அவர்களிடம்தான் இருக்கிறது.

டியூப்லைட்டையே எடுத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் பொருத்திய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. அந்த மினுக்கல் அநேகர் கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டனில் ஆர்னால்டு வில்கின்ஸும் சகாக்களும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், எந்த விளக்கு என்று ஊழியர்களுக்குச் சொல்லாமலே சோக்கை மாற்றிப் பார்த்தார்கள். மினுக்காத உயர் அதிர்வெண் சோக்கின் கீழ், தலைவலியும் கண் சோர்வும் பாதிக்கும் மேல் குறைந்தன. இவர்கள் சாதாரண அலுவலக ஊழியர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காரணம் தெரியாமலே பலரும் பட்ட அவதி அது. ஒளிக்கு மிகவும் கூசும் ஒருவரைக் கேட்டிருந்தால் விளக்கைச் சுட்டிக்காட்டியிருப்பார். எல்இடி வந்தபின் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் மட்டமானதாக இருந்தால் அதுவும் மினுக்கும்.

ஒலியைப் பற்றி நிறையக் கற்றுத்தந்தவர் கெய்ரோவின் கட்டடக் கலைஞர் மக்தா மொஸ்தபா. ஆட்டிசம் உள்ளவர்களுக்கான வடிவமைப்பை அவர் ஏழு கொள்கைகளாக வகுத்தார். ஒலிக் கட்டுப்பாடு, புலன் தூண்டலுக்கேற்ப இடங்களைப் பிரிப்பது, திணறும்போது ஒதுங்க ஒரு மூலை, ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகுமுன் நிதானிக்க ஓர் இடைவெளி ஆகியவை அவற்றில் சில. வெளியுலகம் இரைச்சலானது, அதற்குப் பழக்காமல் பொத்திப் பொத்தி வளர்த்தால் நாளை எப்படிச் சமாளிப்பார்கள் என்ற கேள்வி இங்கே எழுகிறது. நியாயமான கேள்வி. மொஸ்தபாவே இதை முன்னுணர்ந்து, எல்லா அறைகளையும் ஒரே அளவு நிசப்தமாக்காமல் படிப்படியாக ஒலி கூடும் அறைகளை முன்வைத்தார். தன்னை நிதானப்படுத்திக்கொள்ள ஓரிடம் உண்டென்று தெரிந்தவரால்தான் சந்தடியில் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்க முடியும்.

இந்த அறிவெல்லாம் வழிகாட்டியாகத் திரண்டது 2022இல், பிரிட்டிஷ் தரநிலை நிறுவனம் பிஏஎஸ் 6463 என்ற ஆவணத்தை வெளியிட்டபோது. ஒளி, ஒலி, மணம், தரையின் கோலம், வழிகாட்டும் அடையாளங்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் தேவைகள் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. ஒருவருக்கு ஆறுதலான மங்கல் வெளிச்சம் பார்வை குறைந்தவருக்கு இடைஞ்சலாகும். ஒருவரைத் திணறடிக்கும் நிறமே இன்னொருவரைச் சுறுசுறுப்பாக்கும். பிறகு யார் சொல்வதைக் கேட்பது என்கிறார்கள் சிலர். எல்லோருக்கும் பொருந்தும் ஓர் அறையைத் தேடுவதால் வரும் சிக்கல் இது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச், சந்தடியான பக்கமும் அமைதியான பக்கமும் கொண்ட ஒரே கூடம், இரண்டு வழிகள் என்று தேர்வு கொடுத்தால் மோதல் பெருமளவு குறையும். செலவா? மினுமினுப்பில்லாத தரையை முதலிலேயே தேர்ந்தெடுப்பதற்கும், போட்ட தரையைப் பெயர்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டாலே போதும்.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு. ஏடிஹெச்டி இல்லை, அது பெரிய விடுபடல். அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக் கூடாது, கட்டாயமானவற்றைப் பிரித்து வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில் உத்தரவிட்டது. அந்த விதிகளில் ஒலியும் ஒளியும் இடம்பெறுமா என்பது, எழுதும் மேசையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பேச்சு வராதவர்களிடம் எப்படிக் கேட்பது என்பதே கடினமான ஆட்சேபம்; பேச முடிந்தவர்கள் அவர்களுக்கும் சேர்த்துப் பேசிவிட முடியாது. மாதிரி அறை ஒன்றை முழு அளவில் அமைத்து அவர்களைப் புழங்கவிட்டு, எங்கே தங்குகிறார்கள், எங்கிருந்து விலகுகிறார்கள் என்று கூடவே வாழ்பவர்களோடு சேர்ந்து கவனிக்கலாம். அதற்குப் பல வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களையும் அதற்கான பணத்தையும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே ஒதுக்கிவைக்க வேண்டும்.