மூணு நூலும் ரெண்டு நூலும்

எங்கள் கீழ்வீட்டில் ஒரு தச்சர் குடும்பம் குடியிருக்கிறது. பையன் ஏழாவது படிக்கிறான். போன ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் கணக்கு நோட்டோடு மாடிக்கு வந்தான். பின்னாலேயே அவன் அப்பாவும் வந்தார். "கொஞ்சம் பார்த்துச் சொல்லிக் குடுங்க சார். எனக்கு இதெல்லாம் தெரியாது, நான் ஆறாவதோட நின்னவன்" என்றார்.

நோட்டில் 3/8 + 1/4 என்றொரு கணக்கு. பையன் எழுதியிருந்த விடை 4/12. அதன் மேல் சிவப்பு மையில் பெரிதாக ஒரு தப்புக்குறி.

மேலே இருப்பதை மேலே இருப்பதோடு கூட்டு, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு கூட்டு. பின்னம் படிக்கிற பிள்ளைகள் உலகம் முழுக்கச் செய்கிற தப்புதான் இது. நான் வழக்கம்போல மீ.பொ.ம.வில் ஆரம்பித்தேன். எட்டு, நாலு, இரண்டுக்கும் பொதுவான மடங்கு எது என்று கேட்டேன். பையன் தலையாட்டினான். புரியாதபோது ஆட்டுகிற அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் நிறைய ஆட்டியிருக்கிறேன்.

அப்போது என்ன தோன்றியதோ, அப்பாவிடம் திரும்பி, "அண்ணே, மூணு நூல் கனம் இருக்கிற பலகை மேல ரெண்டு நூல் பலகையை ஒட்டினா மொத்தம் எவ்வளவு வரும்?" என்று கேட்டேன்.

"அஞ்சு நூல்." இதையெல்லாம் ஏன் கேட்கிறார் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

தச்சு, கொத்து, கம்பி வேலைப் பக்கம் போகாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நூல். டேப்பில் இரண்டு அங்குலக் கோடுகளுக்கு நடுவே தெரிகிற எட்டுப் பங்கில் ஒன்று. ஆக, மூணு நூல் என்றால் 3/8 அங்குலம். ரெண்டு நூல் என்றால் 2/8, அதாவது கால் அங்குலம். பையன் தப்பாகப் போட்ட அதே கணக்கை அவன் அப்பா ஒரு நொடியில் போட்டுவிட்டார். தான் போட்டது பின்னக் கணக்கு என்பது அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை அந்த "தெரியவில்லை" பற்றித்தான்.

வீட்டிலேயே கற்கலாம், சமையலறையே ஆய்வகம், கடைத்தெருவே பள்ளிக்கூடம் என்று ஏகப்பட்ட பேர் எழுதுகிறார்கள். கொரோனா காலத்தில் இந்த வகை எழுத்து பெருகிப் போனது. தமிழ்நாட்டில் ஒன்றாவது முதல் எட்டாவது வரையிலான பிள்ளைகள் 2020 மார்ச்சில் வீட்டுக்குப் போய், 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் வகுப்புக்குத் திரும்பினார்கள். அந்த நாட்களில் நானும் அப்படி ஒரு பட்டியல் போட்டு உறவுக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "தோசை மாவு அரைக்கும்போது விகிதம் சொல்லிக் கொடுங்கள்" என்பது அதில் முதல் வரி. யாராவது செய்து பார்த்தார்களா என்று இதுவரை கேட்கவில்லை, கேட்கிற தைரியமும் இல்லை.

அந்தப் பட்டியலில் என்ன கோளாறு என்பது பிரேசிலில் நடந்த ஒரு பழைய ஆய்வைப் படித்தபோதுதான் உறைத்தது. தெரெசின்யா காரஹர், டேவிட் காரஹர், அனலூசியா ஷ்லீமன் என்ற மூவர் ரெசிஃபி நகரத்துச் சந்தையில் செய்து 1985இல் வெளியிட்டது. தேங்காய், பழம், பலகாரம் விற்கிற 9 முதல் 15 வயது வரையான ஐந்து பிள்ளைகளிடம் இவர்கள் வாடிக்கையாளர் மாதிரிப் போய் நின்று விலை கேட்டார்கள், மீதிச் சில்லறை கேட்டார்கள். மொத்தம் 63 கேள்வி. 98 விழுக்காடு விடைகள் சரி. பிறகு அதே பிள்ளைகளை உட்கார வைத்து, அதே எண்களை வெறும் கணக்காகக் கொடுத்தார்கள். சரியான விடை 37 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது.

ஒரு பிள்ளைக்கு ஒரு தேங்காய் 35 என்றால் நாலு தேங்காய் எவ்வளவு என்று கேட்டபோது 140 என்று சரியாகச் சொல்லத் தெரிந்தது. அதே 35 × 4ஐத் தாளில் போட்டபோது வந்த விடை 200. எப்படி? நாலைந்து இருபது, சைபர் போட்டு ரெண்டு கையில். கையில் இருந்த ரெண்டை முதலில் மூணோடு கூட்டி ஐந்தாக்கி, அதை நாலால் பெருக்கி இருபது. விதி லேசாக இடம் மாறிவிட்டது. நாலு தேங்காயை 200க்கு விற்றால் வாங்குகிறவர் சண்டைக்கு வருவார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் தாளில் இருப்பது தேங்காய் இல்லையே.

இதே போன்ற ஒன்றைக் கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் பெரிய அளவில் செய்து 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சந்தையில் வேலை செய்கிற பிள்ளைகள் கல்லாக் கணக்கில் புலி, பாடப்புத்தகக் கணக்கில் திணறல். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போகிற பிள்ளைகளோ இதற்கு நேர் எதிர். அதாவது இரண்டு பக்கமும் பாலம் இல்லை.

அப்படியானால் பிள்ளையைச் சமையலறையில் நிறுத்தினால் விகிதம் தானாக வந்துவிடாது. தச்சர் வீட்டில் பிறந்ததால் பின்னமும் தானாக வராது. கையில் இருக்கிற கணக்கும் நோட்டில் இருக்கிற கணக்கும் ஒன்றுதான் என்று யாராவது ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். வீட்டுச் செயல்பாடு என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இந்த எழுதிக் காட்டுகிற வேலைதான். அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். என் பட்டியலிலும் அது இல்லை.

சரி, நோட்டுக்கு வருவோம். ஒரு தாளில் நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் "3 நூல் + 2 நூல் = 5 நூல்". வலப்பக்கம் "3/8 + 2/8 = 5/8". பையன் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்ப நூல்ங்கறது கீழ இருக்கிற எட்டா அங்கிள்?" என்றான். அதேதான். கீழே இருக்கிற எண் ஒரு பெயர் மாதிரி, என்ன சாமான் என்று சொல்கிறது. மேலே இருப்பது அந்தச் சாமான் எத்தனை என்று சொல்கிறது. மூணு மாம்பழமும் ரெண்டு மாம்பழமும் அஞ்சு மாம்பழம். மாம்பழத்தோடு மாம்பழத்தைக் கூட்டி "ரெண்டு மாம்பழ வகை" என்று யாரும் சொல்வதில்லை. தமிழில் 'எட்டில் மூன்று' என்று சொல்லும்போது எட்டு முதலில் வந்து எதன் பங்கு என்று சொல்லிவிடுகிறது. பையன் ஆங்கில வழி. 'த்ரீ பை எய்ட்' என்று சொல்லிச் சொல்லி அவனுக்கு அது இரண்டு தனி எண்ணாகத்தான் காதில் விழுந்திருக்கிறது என்பது என் ஊகம்.

பிறகு அவன் போட்ட 4/12ஐ டேப்பில் தேடச் சொன்னேன். பன்னிரண்டில் நாலு என்றால் மூன்றில் ஒன்று. அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ரெண்டு நூலுக்கும் மூணு நூலுக்கும் நடுவே எங்கேயோ விழுகிறது. அப்பாதான் முதலில் சிரித்தார். "மூணு நூலோட இன்னொண்ணைச் சேர்த்தா மூணு நூலை விடக் குறையுமாடா?" ஆசிரியரின் சிவப்புக் குறி சொல்லாததை அந்த ஒரு கேள்வி சொல்லிவிட்டது.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த அடி எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பையனைப் பட்டறைக்குக் கூட்டிப் போய் அளக்க விடுங்கள் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "வேணாம் சார். இந்த வேலைக்கு வந்துடக் கூடாதுன்னுதான் அவனைப் படிக்க வைக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அவர் சொன்னதில் தமிழ்நாட்டின் ஒரு வரலாறே இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் அரை நாள் பள்ளியில் இருக்கட்டும், மீதி நேரம் அப்பா அம்மா தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அப்பாவின் உளியைப் பிள்ளை கையில் கொடுப்பது என்பது இந்த ஊரில் சும்மா ஒரு கல்விச் செயல்பாடு கிடையாது. ஒரு வங்கி அதிகாரியிடம் போய் உங்கள் பையனை ஞாயிற்றுக்கிழமை வங்கிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொன்னால் அவர் முகம் மாறாது. தச்சர் முகம்தான் மாறும். மாறியது நியாயம்தான்.

நான் சொல்ல வந்தது தொழில் பழகுவதை இல்லை, அளவைப் பாடத்துக்குக் கொண்டுவருவதை என்று விளக்கினேன். பாதி சமாதானமானார். கடைசியில், "டேப் மட்டும் எடுத்துக்கட்டும். உளி கிளி எதுவும் கையில குடுக்க மாட்டேன்" என்றார். அந்த ஒப்பந்தம் இன்றுவரை நீடிக்கிறது.

டேப் அளவில் நின்றால் ஒரே வகைப் பின்னத்தோடு முடிந்துவிடும். அதனால் இன்னொன்று வேண்டியிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற என் வீட்டு மின்சார மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். என்னுடையதில் 3200. உங்கள் மீட்டரில் வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். தொட வேண்டியதே இல்லை, தள்ளி நின்று பார்த்தால் போதும்.

வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு சாமானை மட்டும் போட வேண்டும். அதற்கு முன்னால் நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் வரும் என்று பையன் ஊகித்து எழுத வேண்டும். எழுதியே ஆக வேண்டும் என்பதில் நான் கறார். வாயால் சொன்னால் விடை வந்ததும் "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாகிவிடும். இந்த வயதுப் பிள்ளைகள் அதில் கில்லாடிகள்.

9 வாட் பல்புக்கு அவன் எழுதியது நிமிடத்துக்கு 10. வந்ததோ இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. மீட்டர் கெட்டுப் போச்சு என்றான். பழைய 75 வாட் ஃபேனைப் போட்டதும் நிமிடத்துக்கு 4. அயர்ன் பாக்ஸுக்கு 50ஐத் தாண்டியது. எண்ண முடியாமல் விரலால் தாளம் போட்டுப் பார்த்தான்.

ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்? நிமிடத்துக்கு 4 என்றால் மணிக்கு 240. 3200ஐ 240ஆல் வகுக்க வேண்டும். இங்கேதான் நின்றான். இது இவன் ஒருவனின் பிரச்சினை இல்லை. 2018 அசர் அறிக்கைப்படி இந்தியக் கிராமப்புறத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிலேயே மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் சுமார் 44 விழுக்காடுதான். இரண்டிலும் கடைசி சைபரை அடித்து, எட்டால் சுருக்கி, 40ஐ 3ஆல் வகுத்து 13⅓ என்று வர எங்களுக்கு அரை மணி நேரம் பிடித்தது. செல்போன் கால்குலேட்டரில் சரிபார்த்தவன், "13.33 வருது. 13 மணி 33 நிமிஷம்" என்றான். அடுத்த தப்பு. ஆனால் இது நல்ல தப்பு, ஏனென்றால் கடிகாரம் கையில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு எத்தனை நிமிடம் என்று கேட்டேன். இருபது. அப்புறம் அந்த 33 எங்கிருந்து வந்தது? நூறில் 33. கீழே இருக்கிற சாமான் வேறு. இந்த முறை அவனே தாளில் நடுவே கோடு கிழித்தான்.

எல்லாம் இப்படி அமையவில்லை. பயறு முளைக்க வைத்து வரைபடம் போடுவது நாலாம் நாளே காய்ந்து போனது. வீட்டின் வரைபடத்தை அளவுப்படி வரையச் சொன்னதற்கு "இது எதுக்கு?" என்று கேட்டான், என்னிடம் பதில் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சாமான் நிஜமாக இருந்தால் போதாது, கேள்வியும் நிஜமாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. கரண்ட் பில் நிஜம். அவன் ஊகம் தப்பானது அதைவிட நிஜம்.

இதையெல்லாம் எழுதி முடித்து, ஒரு வரி சேர்த்து வைத்திருந்தேன்: நூல் கணக்கில் பாதி, கால், அரைக்கால் உண்டு, மூன்றில் ஒன்று கிடையாது, அங்கே பள்ளிக்கூடக் கணக்குதான் வேண்டும் என்று. போன வாரம் பையன் அப்பாவிடமே கேட்டுவிட்டான். "பத்து இஞ்ச் அஞ்சு நூல் பலகையை மூணு சமபங்கா எப்படிப்பா பிரிப்ப?"

அவர் எதையும் வகுக்கவில்லை. டேப்பைப் பலகைக்குக் குறுக்கே நேராகப் போடாமல் சாய்த்துப் போட்டார். பூஜ்ஜியம் ஒரு விளிம்பில், 12 அங்குலக் கோடு எதிர் விளிம்பில் படுகிற அளவுக்குச் சாய்வு. 4இலும் 8இலும் பென்சிலால் ஒரு புள்ளி. அவ்வளவுதான், மூணு சமபங்கு. நான் அந்த வரியை அடித்துவிட்டேன்.

அது ஏன் சரியாக வருகிறது என்பதற்கான தேற்றம் பத்தாம் வகுப்பில் வருகிறது. பையன் தாளில் கோடு கிழித்து இடப்பக்கம் அந்தச் சாய்ந்த டேப்பை வரைந்து வைத்திருக்கிறான். வலப்பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது.