புண் காப்போர் தலைவன்

போர் என்றதும் வாளும் வேலுமே நம் நினைவுக்கு வருகின்றன. தமிழ்ப் புறத்திணை இலக்கணத்தைப் புரட்டினாலும் நிரை கவர்தலும் மதில் முற்றுதலும் பொருதலும் வெல்லுதலுமே விரிந்து கிடக்கக் காண்கின்றோம். புண்பட்டுக் கிடப்போனைக் காத்து நிற்பவர்க்குக் காஞ்சித் திணையிலே தொல்காப்பியர் ஒரு துறை வகுத்தார். அது தொடாக்காஞ்சி எனப்படும். புண்ணுற்ற கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காத்தல் அதன் பொருள். 25 ஆண்டுகளுக்கு மேலாக இத்துறையை மாணாக்கர்க்கு விளக்கி வந்த நான் அதன் உட்பொருளை உணர்ந்தது 2021 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு கணினி விளையாட்டின் முன்னே என்றால் புலமை சான்ற நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்த பின்னராவது மேலே படிக்குமாறு வேண்டுகின்றேன்.

கொள்ளைநோய்க் காலத்திலே பல்கலைக்கழகம் அடைபட்டிருந்தமையால் என் தமக்கையின் மகன் எங்கள் வீட்டிலே தங்கியிருந்தான். பகலெல்லாம் நூலும் கையுமாய் இருக்கும் பிள்ளை, நள்ளிரவில் எவருடனோ ஆங்கிலத்திலே உரையாடும் ஒலி வாரத்தில் இரண்டு இரவு என் உறக்கத்தைக் கலைத்தது. கண்டிக்கும் எண்ணத்தோடு ஒருநாள் அறைக் கதவைத் தள்ளினேன். காதிலே ஹெட்போன் மாட்டியிருந்தவன் திரும்பாமலே, "மாமா, இப்ப எழும்பேலாது. நாற்பது பேர் நிக்கினம். உந்தக் கதிரையிலை இருந்து பாருங்கோ" என்றான். இருந்து பார்த்தேன்.

அவன் ஆடிக்கொண்டிருந்தது 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராப்ட்' என்னும் விளையாட்டு. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் இதனை 2004 நவம்பரில் வெளியிட்டது. பழைய அமைப்பிலேயே ஆட விரும்பியோர்க்காக 2019 ஓகஸ்டில் 'கிளாசிக்' என்னும் பெயரில் அதனை மீளவும் தந்தது. வெவ்வேறு நாடுகளிலே தத்தம் வீட்டில் இருக்கும் 40 பேர் வரையில் ஒரு படையாகத் திரண்டு, ஒரு கோட்டையினுட் புகுந்து, அங்குள்ள அரக்கரை ஒவ்வொருவராய் வெல்லுதலை 'ரெயிட்' என்பர். படையிலே தொழில் மூன்று. அரக்கனின் அடியைத் தன்மேல் ஏற்று நிற்பவன் 'டாங்க்'. அரக்கனைத் தாக்குவோர் மிகப் பலர். இவர்கள் உயிர் குன்றும்போது மந்திரத்தால் அதனை நிரப்புவோர் 'ஹீலர்'. அன்றைய படையில் ஹீலர் பன்னிருவர். அவர்களுக்குத் தலைவன் என் மருமகன்.

மருத்துவர்க்குத் தலைவன் எதற்கு, அடிபட்டவனை அருகில் நிற்பவர் காத்தால் ஆகாதோ என்று கேட்டேன். ஆகாது என்பதை அவனே விளக்கினான். ஒருவன் உயிர் குன்றியதைக் கண்டதும் பன்னிருவரும் அவனுக்கே மந்திரம் ஓதினால், முதல் மந்திரத்திலேயே அவன் தேறிவிடுவான். ஏனைய பதினொன்றும் நிறைந்த குடத்தில் வார்த்த நீராய் வழிந்தோடும். அதே கணத்தில் வேறொருவன் கவனிப்பாரின்றி மாய்வான். ஆதலின் இன்னார்க்கு இன்னார் காப்பு என முன்னரே பங்கிட வேண்டும். மந்திரம் ஓதுதற்கு வேண்டிய ஆற்றலாகிய 'மானா' அளவுடையது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு மந்திரம் ஓதியபின் 5 விநாடி ஓதாது இருந்தாலே அவ்வாற்றல் இயல்பாக மீண்டும் ஊறத் தொடங்கும். ஓய்வின்றி ஓதுபவன் ஊற்றை அடைத்தவனாவான். எப்போது வாளாவிருத்தல் வேண்டும் என்பதை அறிதலும் அங்கே மருத்துவம் என்க.

அன்றிரவு அவர்கள் எதிர்த்த அரக்கன் பெயர் லோதெப். நக்ஸ்ரமாஸ் என்னும் கோட்டையில் வாழ்பவன். 2006 இல் அமைக்கப்பெற்ற அக்கோட்டை கிளாசிக்கில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. இவன் முன்னே ஹீலர் ஒருவர் ஒருமுறை உயிர் நிரப்பும் மந்திரம் ஓதிவிட்டால், அடுத்த 60 விநாடிக்கு மற்றொன்று ஓத இயலாது. ஆகவே பன்னிருவரும் முறை வைத்து, 5 விநாடிக்கு ஒருவராக டாங்கின்மேல் ஓதுதல் வேண்டும். ஏனையோர் தத்தம் புண்ணுக்குத் தாமே கட்டுக் கட்டியும் மருந்து அருந்தியும் நிற்றல் வேண்டும். மருமகன் ஒரு தாளிலே பன்னிரண்டு பெயர்களை வரிசையாக எழுதி வைத்து, நம் ஊர்த் தோட்டத்திலே கிணற்று நீர்முறை சொல்பவன்போல ஒவ்வொரு பெயராய் அழைத்துக்கொண்டிருந்தான்.

முதல் முயற்சியிலே நான்காம் சுற்று வரை முறை பிசகவில்லை. ஒன்பதாம் முறைக்காரர் தம் பெயர் அழைக்கப்படுமுன், அருகிலே உயிர் குன்றி நின்ற தோழனைக் கண்டு பொறுக்காது அவனுக்கு ஓதிவிட்டார். இரக்கமே அச்செயலுக்குக் காரணம். ஆயின் அவர் முறை வந்தபோது கை வெறுங்கையாயிற்று. டாங்க் வீழ்ந்தான். அரக்கன் பிறர்மேற் பாய, சிறிது நேரத்தில் நாற்பதின்மரும் மாண்டனர்; அவர் காத்த தோழனும் அவர்களுள் ஒருவனே.

உடனே பல குரல்கள் சினந்து எழுந்தன. யார் தவறியது, பெயரைச் சொல் என்பதே அவற்றின் சாரம். மருமகன் அமைதியாக, "வரிசை போட்டது நான். பிழை என்னுடையது. திருத்தித் தருகின்றேன்" என்று ஆங்கிலத்தில் விடை கூறினான். பின்னர் ஒன்பதாமவருக்கு மட்டும் தனியே இரண்டு வரி எழுதினான். பன்னிருவருள் ஒருவரை வரிசையினின்றும் எடுத்து, எவர் தவறினும் அவ்விடத்தை நிரப்புமாறு புறம்பே நிறுத்தினான். ஒன்பதாமவரோ ஒன்பதாம் இடத்திலேயே நின்றார். மூன்றாம் முயற்சியில் லோதெப் வீழ்ந்தான். எல்லாரும் தாக்கியோரின் கணக்கைப் பார்த்து வியந்தனர். ஹீலரைப் பற்றி எவரும் பேசவில்லை. மருமகன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

"பிழை அவருடையது அன்றோ? ஏன் உன் தலையிலே ஏற்றினாய்?" என்று கேட்டேன்.

"பேரைச் சொன்னால், மாமா, அடுத்த முறை அவற்றை கை நடுங்கும். நடுங்கிற கைதான் திரும்பவும் முறை தவறும்."

அதற்குமேல் நான் ஒன்றும் பேசவில்லை. அன்று காலையிலேதான் பத்தாம் வகுப்பிலே ஒரு மாணவன் எழுதிய கட்டுரையின் பிழைகளை, அவன் பெயரையும் சொல்லி, வகுப்பு முழுதும் கேட்க வாசித்திருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வினாவொன்று கேட்டால் முதலிற் கை உயர்த்துபவன் அவன். அன்று எஞ்சிய பாடவேளை முழுவதும் அவன் கை மேசையிலேயே கிடந்ததை நான் கண்டும் பொருட்படுத்தவில்லை. பிழை திருத்துதலே என் தொழில் என்று எண்ணியிருந்தேன். திருத்தியது எதனை, முறித்தது எதனை என்னும் கணக்கு அந்த நள்ளிரவிலே என் மனத்திற் புகுந்தது.

அதன் பின்னர் நான் பெயர் சொல்லிப் பிழை வாசிப்பதில்லை. தவறியவனுக்கு ஏட்டின் ஓரத்தில் இரண்டு வரி எழுதுகின்றேன். பலர் ஒரே பிழையைச் செய்திருந்தால், கற்பித்த முறை என்னுடையது என்று சொல்லிப் பாடத்தை மீளவும் தொடங்குகின்றேன். அந்த மாணவனுடைய கை மீண்டும் உயரச் சித்திரை விடுமுறை நெருங்கிவிட்டது. அன்று அவன் கூறிய விடையும் பிழையே. "நல்ல முயற்சி" என்று சொல்லிவிட்டு அடுத்தவனை வினாவினேன்.

தொடாக்காஞ்சியை இப்பொழுதும் கற்பிக்கின்றேன். புண்பட்டவனைத் தீண்ட வரும் பேய் யாது என்று மாணாக்கர் கேட்கும்போது, முன்னர் உரையாசிரியர் கூற்றை மட்டுமே சொல்வேன். இப்பொழுது அதனோடு, பலர் நடுவே ஒருவன் பெயரைச் சொல்லிக் கூறும் பழிச்சொல்லும் அத்தகைய பேய்களுள் ஒன்றென்று சேர்த்துச் சொல்கின்றேன்.