உஷார்! 14,000 வேலை என்றதும் கைதட்டிவிடாதீர்கள்

ஃபாக்ஸ்கான் நிறுவனம் தமிழ்நாட்டில் 15,000 கோடி ரூபாய் முதலீடு செய்யப்போகிறது, 14,000 உயர்தர வேலைகள் வரப்போகின்றன என்று 2025 அக்டோபரில் தொழில்துறை அமைச்சர் அறிவித்தார். முதல்வருடன் தன் பிரதிநிதி நடத்திய சந்திப்பில் புதிய முதலீடு பற்றிப் பேசவே இல்லை என்று நிறுவனத் தரப்பிலிருந்து உடனே விளக்கம் வந்தது. அமைச்சர் தன் அறிவிப்பில் உறுதியாக நின்றார். இதில் யார் சொல்வது சரி என்று சரிபார்க்க நம் கையில் ஒரு தாளும் இல்லை. என்ன எழுதிக் கையெழுத்தானது, அதற்கு ஈடாக அரசு எதைக் கொடுக்கச் சம்மதித்தது என்பதெல்லாம் நம் பார்வைக்கு வருவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதே ஃபாக்ஸ்கான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் என்ன செய்தது என்று பாருங்கள். 2017 ஜூலையில் வெள்ளை மாளிகையிலேயே மேடை போட்டு அறிவித்தார்கள்: 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை. பதிலுக்கு மாநில அரசு சுமார் 300 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. வரிச்சலுகை என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் விஸ்கான்சினில் உற்பத்தித் தொழிலுக்கு ஏற்கெனவே வருமான வரி ஏறக்குறைய இல்லாத நிலை. ஆகவே அந்தத் தொகையில் பெரும்பங்கு கஜானாவிலிருந்து ரொக்கமாகவே போக வேண்டியிருந்தது. எல்லாம் சொன்னபடி நடந்தாலும் கொடுத்த பணம் திரும்பி வர 2042-43 ஆகிவிடும் என்று அந்த மாநிலச் சட்டமன்றத்தின் நிதி ஆய்வு அலுவலகமே கணக்குப் போட்டுச் சொன்னது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2018 ஜூனில் அதிபர் டிரம்ப் நேரில் வந்து அடிக்கல் நாட்டினார். உலகின் எட்டாவது அதிசயம் என்று புகழ்ந்தார்.

ஆலை வரவேண்டிய இடம் மவுண்ட் பிளசன்ட் என்ற சிற்றூர். வயல்களும் வீடுகளும் இருந்த பகுதி. அந்த ஊராட்சியும் ராசீன் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து சுமார் 76 கோடி டாலர் அளவுக்குப் பொறுப்பேற்றன. நிலம் வாங்க, சாலை போட, தண்ணீர்க் குழாய் பதிக்கக் கடன் வாங்கின. விற்க மறுத்த குடும்பங்களை எழுப்புவதற்காக, நல்ல நிலையில் இருந்த வீடுகளையும் சேர்த்து, அந்தப் பகுதி முழுவதையும் சீரழிந்த பகுதி என்று ஊராட்சி தீர்மானம் போட்டது. வீடுகள் இடிபட்டன. முதல் ஆண்டுக்கு ஃபாக்ஸ்கான் காட்ட வேண்டிய வேலைகள் வெறும் 260. அதைக்கூட அது காட்டவில்லை. கடைசியில் 2021 ஏப்ரலில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது: முதலீடு சுமார் 67 கோடி டாலர், வேலை 1,454, மாநில உதவி 8 கோடி டாலர்.

மாநில அரசு தப்பித்தது எப்படி? வேலை கொடுத்த பிறகே பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால். ஆலை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் 2023 முதல் 140 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துக்கு உரிய வரியைக் கட்டியே ஆக வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. ஊராட்சிக்கு அது பெரிய பிடிமானம். பிறகு அந்த நிலத்தில் ஒரு பகுதியை மைக்ரோசாஃப்ட் தரவு மையத்துக்காக வாங்கியது. கணக்கு ஓரளவு நேராகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டைப் பறிகொடுத்தவர்களுக்கு எந்த நிபந்தனை துணை நின்றது?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். நம் ஸ்ரீபெரும்புதூர் இதைவிடக் கசப்பான அனுபவத்தைப் பார்த்த ஊர். 2005-இல் நோக்கியாவுடன் தமிழக அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அரசின் சிப்காட் தொழிற்பேட்டையில் 200 ஏக்கருக்கும் மேல் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலத் தகுதி, உள்நாட்டில் விற்கும் கைபேசிகளுக்குக் கட்டும் விற்பனை வரியைத் திருப்பித் தரும் சலுகை. 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள், அதிலும் பெண்கள் மிகுதி. 2013-இல் வருமான வரித்துறை 2,000 கோடிக்கு மேல் கேட்டது. ஏற்றுமதி என்று கணக்குக் காட்டியவை உள்நாட்டில் விற்கப்பட்டன என்று சொல்லி மாநில வணிகவரித் துறை 2,400 கோடி ரூபாய் கேட்டது. நிறுவனம் இரண்டையும் மறுத்தது. வழக்கில் சிக்கிய இந்த ஆலையை விட்டுவிட்டு நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை நின்றது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறியிருந்தார்கள். இருபத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு! நோக்கியாவுக்கு உதிரிபாகம் செய்துவந்த ஃபாக்ஸ்கானும் அந்த டிசம்பரிலேயே அங்கு உற்பத்தியை நிறுத்தியது.

ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் ஓசூரும் எத்தனை குடும்பங்களைத் தூக்கிவிட்டன என்பது கண்கூடு. இன்று அதே ஃபாக்ஸ்கான் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஐபோன் செய்கிறது, ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே சம்பாதிக்கிறார்கள். ஆனால் மாநிலங்களுக்கிடையே நடக்கும் ஏலம் இப்போது ஓடும் வேகத்தைக் கவனியுங்கள். ஆந்திர அரசு விசாகப்பட்டினத்தில் டிசிஎஸ் நிறுவனத்துக்கு 21 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை 99 பைசாவுக்கு ஒதுக்கியது. மின்னணு உதிரிபாக ஆலைகளுக்கு மத்திய அரசு தரும் ஊக்கத்தொகைக்குச் சமமான தொகையை நாங்களும் தருவோம் என்று தமிழ்நாடு 2025-இல் அறிவித்தது. ஒருவர் ஏற்ற, அடுத்தவர் அதற்கும் மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது. எங்கோ ஓரிடத்தில் எப்படியும் ஆலை கட்டியிருக்கக்கூடிய நிறுவனத்துக்கு இது வெறும் லாபம்.

இந்தப் பணம் போகும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். நில விலையில் தள்ளுபடி, முத்திரைத்தாள் கட்டண விலக்கு, மின்சார வரி விலக்கு, மூலதன மானியம் என்று பல வாசல்கள். அதில் நம் கண்ணுக்கே தெரியாதது மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவது. சலுகை பெற்ற நிறுவனத்தின் பொருளை மாநிலத்துக்குள் வாங்கும்போது நீங்கள் கட்டும் மாநில வரி அரசுக்குப் போய், அங்கிருந்து பல ஆண்டுகளுக்கு நிறுவனத்துக்கே திரும்பிவிடுகிறது. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று நாம் நினைத்துக் கட்டிய பணம் அது. விலக்குக் கொடுத்ததால் வராமல் போன வரியோ பட்ஜெட்டில் செலவாகத் தெரியாது. மத்திய அரசாவது வரிச்சலுகைகளால் போன வருவாயைப் பட்ஜெட்டோடு ஓர் அறிக்கையாக வெளியிடுகிறது. அமெரிக்காவில் 2015-இல் வந்த ஒரு கணக்கியல் விதிப்படி மாநிலங்களும் நகராட்சிகளும் வரித்தள்ளுபடியால் இழந்த தொகையை ஆண்டுக் கணக்கில் காட்டியாக வேண்டும். நம் மாநில அரசும் நிறுவனம்வாரியாக அப்படி ஒரு பட்டியலைச் சட்டமன்றத்தில் வைக்கட்டும். எத்தனை வேலை வந்தது என்பதையும் அதே பட்டியலில் போடட்டும்.

நிலம் இருக்கும் ஊர்க்காரர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு எதிராகப் போராடிய மேல்மா பகுதி விவசாயிகள் மீது 2023-இல் குண்டர் சட்டமே பாய்ந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே அரசு பின்வாங்கியது. நிலம் கைமாறிய பிறகு கேள்வி கேட்டுப் பயனில்லை.

உங்கள் ஊருக்கு ஒரு பெரிய ஆலை வருகிறது என்று அறிவிப்பு வந்தால், அடுத்த கிராம சபையிலேயே எழுந்து கேளுங்கள். மானியம் வேலை கொடுத்த பிறகா, முன்பா? நிரந்தர வேலை எத்தனை, ஒப்பந்த வேலை எத்தனை? நிறுவனம் பாதியில் போனால் நிலம் யாருக்கு, கொடுத்த சலுகை எப்படித் திரும்பும்? பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வணிக ரகசியம் என்று பிரிவு 8(1)(டி)-யைக் காட்டி மறுப்பார்கள். பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். ஒப்பந்த நகல் கைக்கு வரும்வரை நிலம் கொடுப்பதற்கான எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.