செஞ்சிக் கோட்டை
செஞ்சிக் கோட்டை, தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ள மலைக்கோட்டையாகும். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதில்கள் இணைக்கின்றன.

இவற்றுள் உயரமானது இராசகிரி. படிகளில் ஏறிச் செல்வோர் உச்சிக்கு முன்னர் ஆழமான பாறைப் பிளவு ஒன்றைச் சிறு பாலத்தின் வழியே கடக்க வேண்டும். பாலத்தை அகற்றிவிட்டால் சில வீரர்களே பெரும்படையைத் தடுத்து நிறுத்த இயலும். உச்சியில் களஞ்சியமும் அரங்கநாதர் கோயிலும் உள்ளன.

1677 இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். அவர் மகன் இராசாராம் இங்கிருந்தபோது 1690 இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை நீடித்தது. கோட்டை வீழுமுன் அவர் தப்பிச் சென்றார். எட்டாண்டுகள் தாக்குப்பிடித்த இதே கோட்டையை 1750 இல் புசி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கைப்பற்றியது. 1761 இல் இது ஆங்கிலேயர் வசமானது.

2025 இல் யுனெசுகோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளுள் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றே.