பழைய லேப்டாப்பில் தூங்கும் பூட்டு

பெங்களூரில் பழைய லேப்டாப் வாங்க வேண்டும் என்றால் எல்லோரும் கைகாட்டுவது எஸ்.பி. ரோட்டைத்தான். கன்னடம், இந்தி, தமிழ் என்று வந்தவர் பாஷைக்குத் தக்கபடி பேசும் கடைக்காரர்கள். கம்பெனிகள் சில வருடம் உபயோகித்துவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் மெஷின்கள் இப்படிப்பட்ட கடைகளுக்கு வந்து சேருகின்றன. பையன் காலேஜில் சேர்ந்திருப்பான், அல்லது பெண்ணுக்கு வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்று கிடைத்திருக்கும். புதியது வாங்க வசதி இராது. பீன்யாவில் லேத் மெஷினில் நிற்பவரும், சிவாஜி நகரில் கணக்கு எழுதுபவரும் ஒரு மாதச் சம்பளத்தை எண்ணி எடுத்துக்கொண்டு அங்கே போகிறார்கள். பெரும்பாலோர் நல்ல சரக்குடனேயே திரும்புகிறார்கள். சிலர் மட்டும் ஒரு பூட்டையும் சேர்த்து வாங்கி வந்துவிடுகிறார்கள்.

அந்தப் பூட்டு உடனே கண்ணில் படாது என்பதுதான் சங்கடம். கடையில் மெஷின் ஓடும். வீட்டிலும் ஓடும். நாலு மாதம் கழித்து வைரஸ் புகுந்தோ, ஹார்ட் டிஸ்க் பழுதாகியோ விண்டோஸை மறுபடி போட வேண்டி வரும். மெக்கானிக் பென்டிரைவைச் சொருகுவார். அப்போதுதான் திரையில் ஒரு சிறு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்கும். வாங்கியவர் அப்படி ஒன்றை வைத்ததே இல்லை. வைத்தவர் எங்கோ ஒரு கம்பெனியில் இருந்தவர். அவருக்கும் இப்போது ஞாபகம் இருக்குமோ என்னவோ!

பூட்டு எங்கே இருக்கிறது?

விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் ஒரு சிறு புரோகிராம் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் உண்டு. பயாஸ் என்றும் ஃபர்ம்வேர் என்றும் சொல்வது இதைத்தான். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கிளம்புவதா, பென்டிரைவிலிருந்தா என்று முடிவு செய்வது அதன் வேலை. இது இருப்பது மதர்போர்டில் உள்ள சிப்பில். ஆகவே ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்தாலும், கழற்றி வேறு போட்டாலும் இந்தப் பாஸ்வேர்டு போகாது.

பாஸ்வேர்டிலும் இரண்டு தினுசு. மெஷினைப் போட்டவுடனே கேட்பது ஒன்று. இதை யாரும் ஏமாந்து வாங்க முடியாது. மற்றது சூப்பர்வைசர் அல்லது அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு. மெஷினை ஓடவிடும், அமைப்புகளை மட்டும் மாற்றவிடாது. தூங்கும் பூட்டு இதுதான். இன்டெல் சிப் உள்ள ஆப்பிள் மெஷின்களிலும் இதே கதை. வழக்கம்போல் போட்டால் ஒன்றும் கேட்காது. வேறு டிஸ்க்கிலிருந்து கிளப்ப முயன்றால் பூட்டுப் படம் வரும்.

“பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வை, மறந்துவிடும்” என்று இன்றும் யோசனை சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை, பழைய பாடத்தைச் சொல்கிறார்கள். 1984-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த ஏ.டி. கம்ப்யூட்டரில் அமைப்பு விவரங்களெல்லாம் ஒரு பேட்டரி தயவில் உயிரோடிருந்தன. பின்னால் வந்த பல மேஜைக் கம்ப்யூட்டர்களில் காசு போன்ற அந்தச் சின்னப் பேட்டரியை எடுத்தால் பாஸ்வேர்டும் போய்விடும். லேப்டாப் கைக்கு அடக்கமான பொருள், திருடு போகும் பொருள். அதனால் மின்சாரமே இல்லாவிட்டாலும் மறக்காத சிப்பில் பாஸ்வேர்டை வைத்தார்கள். இதில் பேட்டரி வைத்தியம் பலிப்பதில்லை.

காசு கொடுக்குமுன் ஐந்து நிமிடம்

கடையிலேயே மெஷினை அணைத்து மறுபடி போடச் சொல்ல வேண்டும். போட்டவுடன் டெல், ஏசர், ஏசூஸ் என்றால் எஃப்2, எச்.பி. என்றால் எஃப்10, லெனோவோ திங்க்பேட் என்றால் எஃப்1 பட்டனைத் தட்டினால் அமைப்புத் திரை வரும். அதில் செக்யூரிட்டி என்ற பக்கத்தைத் திறந்து, சூப்பர்வைசர் அல்லது அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டுக்கு நேராக ‘நாட் செட்’ அல்லது ‘டிஸேபிள்டு’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் திரைக்குள் போகவே பாஸ்வேர்டு கேட்டால் விஷயம் தெரிந்துவிட்டது. இன்டெல் ஆப்பிள் மெஷினில் ஆப்ஷன் பட்டனை அழுத்திக்கொண்டே போட்டுப் பார்த்தால் போதும்.

இன்னொரு வகைப் பூட்டும் உண்டு. சில கம்பெனி மெஷின்களில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தில் சேர்த்தவுடன், பழைய கம்பெனியின் பெயரைக் காட்டி அதன் ஊழியராக நுழையச் சொல்லும். இது இருப்பது சிப்பில் அல்ல, இணையத்தில் உள்ள பதிவில். இதையும் கடையிலேயே சோதிக்கச் சொல்வது உத்தமம்.

இவ்வளவையும் செய்யும்போது கடைக்காரர் முகத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம். நேர்மையான வியாபாரி தானே பட்டனைத் தட்டிக் காட்டுவார். “அதெல்லாம் எதுக்கு சார், வண்டி சூப்பரா ஓடுது” என்பவரிடம் அடுத்த கடைக்கு வழி கேட்பதே மேல்.

பில் கேட்டாலும் இதே பதில்தான் சில இடங்களில்: “செகண்ட் ஹாண்டுக்கு ஏது சார் பில்?” உண்டு, கட்டாயம் உண்டு. லேப்டாப்பின் சீரியல் நம்பர், கடைப் பெயர், தேதி மூன்றும் உள்ள பில்தான் பின்னால் சாவியாக உதவும். கம்பெனி விற்றதற்கான ரசீதின் நகல் கிடைத்தால் இன்னும் நல்லது.

மாட்டிக்கொண்டால்?

கைக்கு வந்த பாஸ்வேர்டுகளையெல்லாம் போட்டுப் பார்க்கக் கூடாது. பல மாடல்கள் மூன்று தவறுக்குப் பின் நின்றுவிடும். அணைத்துப் போட்டால்தான் மறுபடி கேட்கும். அப்போது திரையில் ஏதேனும் எண் வந்தால் குறித்துக்கொள்ள வேண்டும். தானே வைத்து மறந்தவர் என்றால் கேப்ஸ் லாக், நம் லாக் இரண்டையும் மாற்றிப் பார்க்கலாம். மெஷின் இன்னும் ஓடுகிறது என்றால் முதல் வேலை, பிள்ளையின் பாடங்களையும் வீட்டுக் கணக்கையும் வேறிடத்தில் நகல் எடுத்து வைப்பது. டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற பாதுகாப்பு போட்டிருந்தால், மதர்போர்டை மாற்றியபின் 48 இலக்க எண் கேட்கும். அதையும் முன்னதாக எடுத்து வைக்காவிட்டால் உள்ளே இருப்பது போனதுதான்.

பிறகு கடைக்கே போக வேண்டும். மொத்தமாக வாங்கிய வியாபாரிக்கு அந்தக் கம்பெனியைத் தெரியும். பல கம்பெனிகள் எல்லா மெஷினுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதால், ஒரு போன் செய்தாலே காரியம் முடிவதும் உண்டு.

அங்கே முடியாவிட்டால் தயாரித்த கம்பெனி. ஆப்பிள், பில்லும் மெஷினுமாக நேரில் வரச் சொல்கிறது. டெல், உரிமையாளர் யார் என்று பார்த்த பிறகே பேசும். பழைய கம்பெனியின் பெயரிலிருந்து மாற்றிக்கொள்ள இணையத்தில் விண்ணப்பம் இருக்கிறது. லெனோவோவோ, பல திங்க்பேட் கையேடுகளில் கையை விரித்துவிடுகிறது: சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மறந்தால் நீக்க வழியில்லை, மதர்போர்டையே மாற்ற வேண்டும், அதற்கும் பில் வேண்டும், கட்டணமும் உண்டு.

சிப்பைக் கழற்றி எழுதித் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் கைதேர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கை தவறினால் மதர்போர்டு போயிற்று. சீரியல் நம்பர் அழிந்தால் கம்பெனியும் கண்டுகொள்ளாது. மேலும், பில்லும் இல்லாமல், அடிமாட்டு விலைக்கு, பூட்டோடு வந்த மெஷின் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்று வாங்கியோ வைத்துக்கொண்டால், 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது.

சட்டம் வாங்குபவர் பக்கமும் இருக்கிறது. விற்பவருக்கு அந்தப் பொருளை விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-வது பிரிவு. பில் போட்டு விற்ற கடைக்காரர் கைகழுவினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம்.

நாளை இதே லேப்டாப்பை வேறொருவருக்குத் தள்ளிவிடும்போது, அதே செக்யூரிட்டி பக்கத்தில் பழைய பாஸ்வேர்டை ஒரு முறை அடித்து, புதியதற்கான இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டு என்டர் தட்டினால், பெரும்பாலான மாடல்களில் பூட்டு நீங்கிவிடும். சேமித்துவிட்டு வெளியே வந்து, வாங்குபவர் எதிரிலேயே ஒரு முறை போட்டுக் காட்டி, பில்லையும் கையில் கொடுத்துவிட வேண்டும்.